மலையகத்துப் பிள்ளைகளும் மென்பொருட் பொறியியலும்

கணினி தானே சிந்திப்பதில்லை. அஃது எதனை, எந்த ஒழுங்கிற் செய்தல் வேண்டும் என்று விதிக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். அதனை வகுப்பவர் மென்பொருட் பொறியியலாளர். அவர்களுள் ‘சிரேஷ்ட’ என்னும் அடைமொழி பெற்றவரின் பணி யாது? வலப்பனைப் பிரதேசத்தின் இராகலை, ஹைபொரஸ்ட் முதலிய இடங்களிற் பயிலும் தோட்டத்துப் பிள்ளை அந்நிலையை எய்துவது எவ்வாறு?

கொழுந்தின் நிறையைப் பதிந்து கூலியைக் கணக்கிட ஒரு மென்பொருள் வேண்டும் எனக் கொள்க. இளம் பொறியியலாளர் கூட்டலையும் பெருக்கலையும் செவ்வனே எழுதிவிடுவார். சிரேஷ்டரோ எழுதுமுன் வினவுவார்: மழைநாளில் ஈரத்துக்கெனக் கழிக்கும் நிறை எவ்வளவு? முழுப்பேருக்கும் அரைப்பேருக்கும் எல்லை யாது? மின்சாரம் தடைப்பட்டாற் காலையிற் பதிந்த கணக்கு என்னவாகும்? ஒரு விடை தவறினும் ஒரு தாயின் நாட்கூலி குறையும். இவ்வாறு ஆராய்தலும், வேலையைப் பகிர்ந்தளித்தலும், இளையோர் எழுதியதைச் சோதித்தலும், பிழைக்குப் பொறுப்பேற்றலுமே அவர்தம் கடமைகள்.

இப்பொறுப்புத் தவறின் விளைவு பெரிது. 1996 ஜூன் 4ஆந் திகதி ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஆரியன் 5 ஏவுகலம் சுமார் 40 விநாடிகளிற் சிதறியது. ஆரியன் 4 கலத்துக்கென எழுதிய மென்பொருளின் ஒரு பகுதி, புதிய கலத்தின் மிகுந்த வேகத்துக்கு ஏற்றதா எனச் சோதிக்கப்படாமையே காரணம்.

இத்தொழிலுக்கு நேர்வழி, க.பொ.த. உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்று, மொறட்டுவை போன்ற பல்கலைக்கழகமொன்றிற் கணினிப் பொறியியல் பயில்வதாகும். நுவரெலியா மாவட்டத்துக்குப் பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய மாவட்டத்துக்குரிய சலுகையும் உண்டு. ஆயினும், தமிழ்மொழியிற் கணித, விஞ்ஞானப் பிரிவுகளை உயர்தரத்திற் கற்பிக்கும் தோட்டப்புறப் பாடசாலைகள் சிலவே. எனவே, திறமையுள்ள பிள்ளைகள் பலர் கலைப்பிரிவிற் சேர்கின்றனர்.

அவர்களுக்கும் வழி அடைபடவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டக் கற்கையைத் தொடங்கியது. இலங்கையிற் கணினிக் கல்விக்கு வித்திட்ட பேராசிரியர் வி. கே. சமரநாயக்க பணியாற்றிய பல்கலைக்கழகம் அது. உயர்தரத்தில் எந்தப் பிரிவிலாயினும் ஒரே தடவையில் மூன்று பாடங்களிற் சித்தியடைந்தோர் இதிற் சேரலாம். முதலாண்டு முடிவில் டிப்ளோமா, இரண்டாமாண்டு முடிவில் உயர் டிப்ளோமா, மூன்றாமாண்டு முடிவிற் பட்டம் எனப் படிகள் அமைந்துள்ளமையால், வேலை செய்துகொண்டே ஒவ்வொன்றாக ஏறலாம். பட்டம் பெற்றவர் பயிலுநராகத் தொடங்கிச் சில ஆண்டு உழைப்பின் பின்னரே சிரேஷ்டராவார்.

ஆயின் இக்கற்கை ஆங்கிலத்தில் நடைபெறுவது. ஒழுங்குபடச் சிந்திக்கும் பழக்கத்தைத் தருவதோ கணிதம். இவ்விரண்டிற்கும் அத்திவாரம் 6ஆம் தரத்துக்கும் 11ஆம் தரத்துக்கும் இடையிலேயே இடப்படுகின்றது. அங்கே தளர்ந்த பிள்ளைக்குப் பின்னர் திறக்கும் வாயில்கள் பயன்படா. கலைப்பிரிவிற் படித்தமையால் இனி வழியில்லையென எண்ணி, 19 வயதிற் கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிப் புறப்படும் இளைஞனுக்கு இவ்வழியை எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன். அவன் கற்று முடிக்கும்வரை பொறுத்திருத்தல் பெற்றோர் கடன்.