கோடி விழுந்த செய்தி

நம் திருத்தணி வட்டாரத்துப் பாவடிகளிலும் கரும்புக் கொல்லைகளிலும் ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. "இன்னாருக்குக் கோடி விழுந்ததாமே! பேப்பரில் படமே போட்டிருக்கிறார்கள்!" என்பது அது. அச்செய்தி பெரும்பாலும் பொய்யன்று. ஆயினும் முழுக் கணக்கும் அன்று என்பதை அங்கத்தினர்கள் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

2022 ஆம் ஆண்டு ஓணத்தையொட்டிக் கேரள அரசு நடத்திய குலுக்கலை எடுத்துக்கொள்வோம். சீட்டின் விலை 500 ரூபாய். முதற்பரிசு 25 கோடி. ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு அது விழுந்தது. பத்திரிகைகள் 25 கோடி என்றே தலைப்பிட்டன. அத்தொகையில் ஏஜெண்டுக் கமிஷன் நூற்றுக்குப் பத்து வீதம் இரண்டரைக் கோடி முதலில் கழியும். எஞ்சிய 22½ கோடிக்கு நூற்றுக்கு முப்பது வீதம் வருமான வரி 6¾ கோடி. அதன்மேல் சர்சார்ஜும் செஸ்ஸும் உண்டு. யாவும் போக மிஞ்சுவது 13 கோடிக்குச் சற்றுக் குறைவே. அதுவும் பெருந்தொகைதான், மறுப்பாரில்லை. ஆனால் உதவி கேட்டு வந்தோர் கூட்டத்தால் சொந்த வீட்டில் தங்க முடியவில்லை என்றும், சிறிய பரிசே விழுந்திருக்கலாம் என்றும் சில நாட்களிலேயே அவர் வருந்திச் சொன்னார்.

இனி, விழாதவர் கணக்கு. அக்குலுக்கலில் விற்ற சீட்டுகள் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை. நம் மலைக்கோயிலுக்குப் படிகள் 365 என்பது யாவரும் அறிந்ததே. படி ஒன்றைச் சீட்டு ஒன்றாகக் கொண்டு, நாள்தோறும் ஒருமுறை மலையேறி எண்ணி வந்தால், 66 லட்சத்தை எண்ணி முடிக்க நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அத்தனை படிகளில் ஒரே ஒரு படிக்கே முதற்பரிசு. பரிசு பெற்றவர் படத்தைப் போடும் பத்திரிகை, பெறாதவர் பெயர்களை மட்டும் பக்கத்துக்கு ஆயிரமாக அச்சிடப் புகுந்தால் 6,600 பக்கம் வேண்டும். யார் வாங்கிப் படிப்பார்? பத்திரிகையைக் குறை கூறிப் பயனில்லை. நடக்காததைச் செய்தியாக்குவது அதன் தொழிலன்று. ஆனால் ஒரு முகத்தையே திரும்பத் திரும்பக் காணும் நமக்கு, அது அடிக்கடி நடப்பது போன்ற மயக்கம் உண்டாகிவிடுகிறது. சீட்டு விற்பவருக்கோ இதைவிட நல்ல விளம்பரம் வேறில்லை. அதுவும் செலவின்றிக் கிடைக்கிறது.

நம் மாநிலத்திலும் 1968 இல், அண்ணா முதலமைச்சராயிருந்தபோது, அரசே பரிசுச் சீட்டுத் தொடங்கியது. இடையில் நிறுத்தப்பெற்று, மீண்டும் நடந்து, 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிகளும் தடை செய்யப்பட்டன. பிற மாநிலச் சீட்டையும் இங்கு விற்கலாகாது. கூலி வாங்கும் நாளன்று, மூன்று எண் எழுதிய துண்டுக் காகிதத்தை மறைவாக நீட்டுகிறவரிடம் அங்கத்தினர்கள் ஒன்று கேட்கலாம்: எண் விழுந்தும் அவர் பணம் தர மறுத்தால் எந்த அலுவலகத்தில் போய் முறையிடுவது?

வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்ததாகக் கைபேசிக்கு வரும் தகவல் இன்னொரு வகை. அதில் 25 லட்சம் நமக்கு என்று இருக்கும். அதைப் பெறுவதற்கு முன்னதாக "வரி"க்கென்று சில ஆயிரம் நாம் கட்ட வேண்டுமாம். உண்மையான பரிசில் வரியைப் பரிசுத் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள்.