கயிறு இழுத்தால் எஞ்சின் ஏன் கிளம்புது, ஏன் கிளம்ப மாட்டேங்குது?

பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு படகு எஞ்சினைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எல்லாம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கடற்கரைதான். அந்தக் கரையில் பெரும்பாலும் படகை நேராக மணலிலிருந்துதான் தள்ளி இறக்கணும். அலை உடையும் இடத்தைத் தாண்டினால்தான் கடல். நடுவில் எஞ்சின் நின்று, மறுபடி கிளம்பவில்லை என்றால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும், அடுத்த அலை கவிழ்த்துவிடும். அதனால் முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடிக்கிறதா என்பது அங்கே உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை நம்ம அரசு அறிவிப்புகள் ‘வெளிப்பொருத்தும் இயந்திரம்’ என்று சொல்லும். இதை வியாபாரரீதியில் வெற்றியாக்கியவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட். அவர் 1909-ல் விற்க ஆரம்பித்த மோட்டார் 1.5 குதிரைத்திறன், எடை சுமார் 28 கிலோ. அதில் கயிறு கிடையாது. ஃப்ளைவீல் மேல் ஒரு குமிழ் இருக்கும், அதைப் பிடித்துக் கையாலேயே சுழற்றணும். எஞ்சின் பிடித்ததும் அந்தக் குமிழும் சேர்ந்து சுற்றும், விரல் முட்டி பெயரும். அப்புறம்தான் ஃப்ளைவீல் மேல் பள்ளம் வைத்து, முடிச்சுப் போட்ட கயிற்றைச் சுற்றி இழுக்கும் முறை வந்தது. தானே சுருட்டிக்கொள்ளும் ரீகாயில் ஸ்டார்ட்டர் பரவலானது அதற்கும் பிறகு.

சரி, கயிறு இழுக்கும்போது உள்ளே என்ன நடக்குது? மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கணும்: பொறி, எரிபொருள், அழுத்தம். இதில் எது குறைந்தாலும் எஞ்சின் கிளம்பாது.

முதலில் பொறி. பழைய மோட்டாரில் பேட்டரி கிடையாது. ஃப்ளைவீலுக்குள் காந்தம் இருக்கும். அது காயிலைக் கடக்கும்போது மின்சாரம் உண்டாகும். சரியான தருணத்தில் பாயிண்ட் திறந்ததும் அந்த மின்னோட்டம் சட்டென்று அறுபட, பிளக்கில் பொறி தெறிக்கும். ஃபாரடே விதிப்படி, காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுதோ அவ்வளவு மின்னழுத்தம். அதாவது, மெதுவாக எத்தனை தடவை இழுத்தாலும் பொறி வராது. பத்து சோம்பேறி இழுப்பைவிட ஒரு வேகமான இழுப்பு மேல்.

ஆனால் வேகம் என்றால் வெடுக்கென்று இழுப்பது கிடையாது. தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது தெரியும். வடம் தொய்வாக இருக்கும்போது இழுத்தால் பலம் வீணாகும். முதலில் தொய்வு போகணும், வடம் விறைக்கணும், அப்புறம்தான் எல்லாரும் சேர்ந்து இழுப்பாங்க. இங்கேயும் அதேதான். கயிற்றை மெதுவாக இழுங்க. ஓர் இடத்தில் ஸ்பிரிங் மாதிரி எதிர்ப்பு தெரியும். பிஸ்டன் மேலேறி அழுத்தத்தைத் தொடும் இடம் அது. அங்கிருந்து கயிற்றை முழு நீளத்துக்கும் ஒரே சீரான வேகத்தில் இழுக்கணும்.

அந்த எதிர்ப்பே வரவில்லை என்றால் இழுத்துப் பிரயோஜனம் இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், கேஸ்கெட் போயிருக்கலாம். அதை முதலில் பாருங்க.

அடுத்தது எரிபொருள். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால்தான் சோக் போட்டுக் காற்றைக் குறைத்து, கலவையைக் கெட்டியாக்குகிறோம். ஒன்றிரண்டு இழுப்பில் எஞ்சின் ‘பொக்’ என்று ஒரு சத்தம் கொடுத்தால், ‘எனக்குப் போதும்’ என்கிறது என்று அர்த்தம். உடனே சோக்கைப் பாதி திறக்கணும். அப்படியே விட்டு இழுத்துக்கொண்டே இருந்தால் பிளக் நனைந்துவிடும். நனைந்தால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, அதன் துவாரம் வழியாக உள்ளே தேங்கியது வெளியே போகும்படி நாலைந்து தடவை சும்மா இழுத்துவிட்டு, மறுபடி மாட்டணும். அந்த நேரத்தில் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

நம்ம ஊர்க் கடற்கரைகளில் இன்னொரு சிக்கல் மண்ணெண்ணெய். கேரளாவிலும் கன்னியாகுமரிப் பக்கமும் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் ரொம்ப காலமாக இருக்கு. பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல் சூடு வேணும். அதனால் பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவாங்க. 1990-களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களை ஓட்டியதும் இதே வழியில்தான்: கார்பரேட்டருக்குச் சில துளி பெட்ரோல், மிச்சத் தூரத்துக்கு மண்ணெண்ணெய்.

இதில் கவனிக்கவேண்டியது நிறுத்தும் நேரம். மண்ணெண்ணெயிலேயே எஞ்சினை அணைத்தால் கார்பரேட்டரில் தங்கியிருப்பது மண்ணெண்ணெய். மறுநாள் விடியற்காலை குளிர்ந்த எஞ்சின் அதைக் கொண்டு கிளம்பாது. கரைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாடியே பெட்ரோலுக்கு மாற்றிவிட்டு நிறுத்தினால் அந்தப் பாடு இல்லை.

பழைய மோட்டாரை எடுத்துப் பழுது பார்க்க நினைப்பவர்களுக்கு, நான் படித்துச் சேகரித்ததில் முக்கியமானவை:

பாயிண்ட் இடைவெளி பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் பலவற்றில் 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். உப்புக் காற்றில் பாயிண்ட் பூத்துப்போகும். நைஸாகத் தேய்த்து, கெட்டி அட்டையால் துடைத்தாலே பாதி மோட்டார்களுக்கு உயிர் வந்துவிடும். 1950-களின் காயில்களில் மேலுறை வெடித்திருந்தால் மாற்றுவதுதான் வழி.

ஆயில் கலவை வருஷத்தைப் பொறுத்தது. 1950-களின் மோட்டார்கள் பலவற்றுக்கு 24 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் வேணும். 1960-களின் நடுவில் 50-க்கு 1 வந்தது. புது விகிதத்தைப் பழைய எஞ்சினில் போட்டால் பேரிங் போய்விடும்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை அரிக்கும், தக்கை மிதவையின் மேல் பூசிய அரக்கையும் கரைக்கும். மாதக்கணக்கில் டேங்கில் விட்டுவைக்காதீங்க.

டைமிங் லீவர் இருந்தால் ‘ஸ்டார்ட்’ குறியில் வையுங்க. பொறி ரொம்ப முந்தினால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்துக் கயிற்றைப் பிடுங்கும். அதனாலேயே கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றக்கூடாது, கட்டைப் பிடியை மட்டும் பிடிக்கணும். பழைய மோட்டார்கள் பலவற்றில் நியூட்ரல் கிடையாது, பிடித்த கணமே படகு பாயும். முன்னால் தண்ணீர் காலியா, உங்கள் முழங்கைக்குப் பின்னால் யாராவது இருக்காங்களா என்று பார்த்துட்டு இழுங்க.

ஐந்து இழுப்பில் கிளம்பவில்லையா? நிறுத்துங்க. ஆறாவது இழுப்பில் தோள்தான் வலிக்கும். சாஃப்ட்வேரில் பிழை தேடுவது மாதிரி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பாருங்க. பிளக்கைக் கழற்றுங்க. நனைந்திருந்தால் எரிபொருள் வருது, பொறியைச் சந்தேகப்படுங்க. காய்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை: டேங்க் மூடியின் காற்றுத் துவாரம், குழாய், ஃபில்டர் என்று வரிசையாகப் போங்க. இரண்டும் சரி என்றால் அழுத்தம்.

இந்தச் சோதனையெல்லாம் கரையில் இருக்கும்போதே செய்துவிடணும். எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, துடுப்பு இல்லாமல் படகை இறக்காதீங்க.