கினிப் பன்றிக்கு என்ன தீனி கொடுப்பது?



பெயரில் பன்றி என்று இருந்தாலும் கினிப் பன்றி பன்றி இனத்தைச் சேர்ந்தது அல்ல. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைப் பகுதியில் பல ஆயிரம் ஆண்டுகளாக வளர்க்கப்பட்டு வரும், புல் தின்னும் சிறு பிராணி இது. பேரு, பொலிவியா நாடுகளின் கிராமங்களில் பெண்களே குசினியோரத்தில் வைத்து, புல்லும் மரக்கறித் தோலும் போட்டு இறைச்சிக்காக வளர்க்கிறார்கள். எமது வீடுகளிலோ பிள்ளைகளின் ஆசைக்காகவே இது வளர்க்கப்படுகிறது.

வேலை நிமித்தம் நான் சென்று வரும் கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மா இருக்கிறார். 2009இல் கணவரை இழந்தவர். மகள் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்கிறாள். எட்டு வயதுப் பேரன் இவரோடு வளர்கிறான். தாயைப் பிரிந்ததிலிருந்து அவன் யாருடனும் அதிகம் கதைப்பதில்லை. மாமன் கொண்டு வந்து கொடுத்த இரண்டு கினிப் பன்றிகளோடு மட்டும் ஓயாமல் கதைப்பான். பாண் துண்டும் கோழித்தீனும்தான் அவற்றுக்குச் சாப்பாடு. சில வாரங்களில் ஒன்று நடக்க மாட்டாமல் படுத்து இறந்துபோனது. மற்றதன் கால் மூட்டுகளும் வீங்கத் தொடங்கின. பேரன் சாப்பிட மறுத்தான்.

அரச மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோது, விற்றமின் சி குறைபாடு என்று கூறி மருந்து கொடுத்தார். மனிதரைப் போலவே கினிப் பன்றியின் உடலும் இந்த விற்றமினைத் தானாக உற்பத்தி செய்யாது. அன்றாட உணவிலிருந்தே அது கிடைக்க வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை தேவை.

“மனிசருக்கே பழம் வாங்க வழியில்லை, பிள்ளை. இதுக்கு நான் எங்க போறது?” என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவருடைய வேலியோரத்துக் கொய்யாவில் பழங்கள் வௌவால் தின்று விழுந்துகொண்டிருந்தன. 10 கிராம் கொய்யாத் துண்டு ஒன்றில் ஏறக்குறைய 20 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. “ஒரு துண்டு அதுக்கு, மிச்சம் பேரனுக்கு, அம்மா” என்றேன்.

வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

• பிரதான உணவு புல்தான். அறுகம்புல், கினிப்புல், நன்றாகக் காய்ந்த புல் என்பன எந்நேரமும் கூட்டில் இருக்க வேண்டும். இதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளரும். புல்லை அரைத்துத் தின்பதாலேயே அவை தேயும்.

• கிருமிநாசினி தெளித்த வரப்புப் புல்லைக் கொடுக்க வேண்டாம்.

• நாள்தோறும் சிறிதளவு கறிமிளகாய், கொத்தமல்லி இலை அல்லது கொய்யாத் துண்டு கொடுக்கலாம். பழத்தில் இனிப்பு இருப்பதால் சிறு துண்டே போதும்.

• பாண், பிஸ்கற், சோறு, பால், வெங்காயம், உள்ளி, லீக்ஸ், உருளைக்கிழங்கு ஆகியவை கூடாது. ஆட்டுக்கு ஒடித்துப் போடும் இப்பிலிப்பில் குழையும் இதற்கு நஞ்சு.

• முயல் தீனியிலோ கோழித்தீனிலோ இதற்குப் போதிய விற்றமின் சி இல்லை.

• புதிய உணவைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

• ஒருநாள் முழுவதும் தின்னாவிட்டால் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் மிஞ்சிய பெனிசிலின், அமொக்ஸிசிலின் போன்ற மருந்துகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அவை இதன் உயிரையே பறித்துவிடும்.

இரண்டு வாரங்களில் அந்தக் கினிப் பன்றி மீண்டும் ஓடத் தொடங்கியது. இப்போது பாடசாலை விட்டு வந்ததும் புல்லுப் பிடுங்குவது பேரனின் பொறுப்பு. எந்தப் புல், எவ்வளவு பழம் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவனே சொல்லிக் கொடுக்கிறான்.

இழப்புகளைக் கண்ட வீடுகளில் ஒரு சின்ன உயிரின் சாவும் பிள்ளைகளின் மனதைப் பெரிதாகத் தாக்கும். ஆகவே, வளர்க்கத் தீர்மானித்தால் அதன் உணவைத் தெரிந்துகொண்டு வளருங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. அதற்காகப் பறிக்கும் கொய்யாவில் பாதியை மறக்காமல் உங்கள் பிள்ளைக்கும் உங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த விற்றமின் எமக்கும் நாள்தோறும் தேவை.