கல்வராயன் மலையும் மலையாளி மக்களும்

சிதம்பரத்திற்கு வடபால் ஓடிப் பரங்கிப்பேட்டையில் கடலொடு கலக்கும் வெள்ளாற்றை நாம் நன்கறிவோம். அதற்கு நீரளிக்கும் மணிமுத்தாறும் கோமுகியும் பிறக்கும் கல்வராயன் மலையையும், அங்கு வாழும் மக்களையும் நம்மில் அறிந்தோர் சிலரே.

கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேற்கெல்லை இம்மலை. 1993இல் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் இப்பகுதி அடங்கியது. மலையின் மேற்குப்பகுதி சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது.

இங்குப் பெரும்பான்மையோர் 'மலையாளி' எனும் பழங்குடியினர். பெயர் கண்டு இவர்களைக் கேரள நாட்டார் எனக் கருதுதல் பிழை. இவர்தம் தாய்மொழி தமிழே. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது இவர்களின் வாய்மொழி மரபு. சாமை, தினை முதலியன இவர்தம் பழைய பயிர்கள்.

சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் எனும் மூன்று ஜாகீர்தார் மரபினரின் ஆளுகையில் இம்மலை நெடுங்காலம் இருந்தது. நாடு 1947இல் விடுதலை பெற்றது. இங்கு ஜாகீர் முறை ஒழிந்ததோ 1976இல்தான். சமவெளி கண்ட விடுதலை மலைமேல் சென்று சேர 29 ஆண்டுகள் ஆயின. அத்தாழ்வு இன்னும் முற்றும் நீங்கவில்லை. 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் இம்மக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டமை இதற்குச் சான்று.

மலைநீரால் வாழும் நாம் மலைமக்களுக்குக் கடன்பட்டுள்ளோம். அவர்தம் வழக்காறுகளையும் வாய்மொழி வரலாற்றையும் முதியோர் மறையுமுன் கேட்டுப் பதிவு செய்தல் தமிழ் பயிலும் மாணவர்தம் கடமையாகும்.