வெள்ளைத் தாளில் காயம்

செல் விழுந்து பொளிந்த மதில்களைக் கண்டவர்கள், 1995இல் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமமே இடம்பெயர்ந்ததை அனுபவித்தவர்கள் புத்தூர் மக்கள். வங்கக் கலைஞர் சோமநாத் ஹோரின் ‘காயங்கள்’ அச்சுப்பட வரிசையை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதில் ஆளுமில்லை, ஆயுதமுமில்லை. வெறும் வெள்ளைத் தாள். அதிலே கிழிசல், துளை, வீக்கம். சிலவற்றில் மட்டும் சிவப்புக் கசிந்திருக்கும். விறாந்தையில் மாட்ட எவருக்கும் மனம் தயங்கும்.

1921இல் சிட்டகொங்கில் பிறந்த ஹோர், 1943 வங்கப் பஞ்சத்தில் பசியால் மடிந்தவர்களை நேரில் பார்த்து வரைந்தவர். அந்தக் காட்சிகள் அவரை விடவேயில்லை. 1970களின் தொடக்கத்தில் சாந்திநிகேதனில் இந்த வரிசையில் இறங்கினார்.

அச்சு என்றால் மையும் இயந்திரமும் வேண்டுமே? இங்கே இரண்டுமில்லை. களிமண்ணைத் தட்டையாகப் பரப்பிக் கத்தியால் கீறினார், குடைந்தார். அதன்மேல் சீமெந்து வார்த்து அச்சு எடுத்தார். மண்ணில் பள்ளமாக இருந்த கீறல் சீமெந்தில் புடைத்து நிற்கும். அதன்மேல் ஈரமான காகிதக் கூழை அப்பி, அழுத்தி, நீரை ஒற்றியெடுத்து, காயவிட்டு உரித்தால் புடைப்பு மறுபடி பள்ளமாகும். கத்தி தாளைத் தொட்டதேயில்லை. ஆனாலும் தாளில் வெட்டு விழுந்திருக்கும். வலியைப் படமாக வரையாமல் தாளுக்கே காயம் உண்டாக்கியதுதான் ஹோரின் பெருஞ்சாதனை என்பேன்.

அச்சுப்படத்தை நகல் என்று நினைக்கவேண்டாம். ஓவியத்தைப் படம்பிடித்துக் கணினியில் அச்சடித்து விற்பது வேறு, அதுதான் நகல். ஒரே அச்சிலிருந்து கலைஞர் கையால் எடுக்கும் ஒவ்வொரு தாளும் மூலப்படைப்பு. கீழே பென்சிலால் 3/10 என்றிருந்தால், பத்துத் தாள்களில் அது மூன்றாவது. வாங்குபவர் அந்த இலக்கத்தையும் கையொப்பத்தையும் பார்க்கவேண்டும். ஹோரின் படமென்றால் தாளை வெளிச்சத்தில் சாய்த்து, மேடுபள்ளம் தெரிகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

எங்கள் மண்ணிலும் ‘காயங்கள்’ வரிசைக்கு உறவான ஒரு படைப்பு உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீடுகளின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரக் கேட்டு, 2011இல் நூலாக்கினார். அங்கே அச்சான நூலே கலைப்படைப்பு.

களிமண், சீமெந்து, ஊறவைத்த பழைய கடதாசி: மூன்றும் புத்தூரில் கிடைப்பவை. சித்திர ஆசிரியர்கள் ஒருமுறையாவது ஹோரின் முறையை மாணவர்களோடு செய்துபார்க்கவேண்டும்.