எச்.ஐ.வி.யும் மறதியும்: முதுகுத் தண்டு நீர் சொல்லும் சேதி

எச்.ஐ.வி. தொற்றுக்குப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு நலமாக இருப்பவர், ஐம்பது வயதைத் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிறார். கடைக் கணக்கு தடுமாறுகிறது. தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்பதே பிடிபடுவதில்லை. (எப்போதாவது என்றால் அது நம் எல்லோருக்கும் நேர்வதுதான், நாம் சொல்வது அன்றாடம் நேர்வதை.) ‘அத்தாவுக்கு வயசாயிடுச்சு’ என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். நோயை மறைத்து வைத்த குடும்பம் என்றால் மருத்துவரிடமும் வாய் திறப்பதில்லை.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த காலத்தில், இந்நோயாளிகளின் முதுமையைப் பற்றி யோசிக்கவே இடமிருக்கவில்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது. இன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்திலும் அது கிடைக்கிறது. ஆயுள் நீண்டது, மூளையைப் பற்றிய கேள்வியும் கூடவே வந்தது.

இக்கிருமி தொற்றிய சில வாரங்களுக்குள்ளேயே மூளைக்குள் புகுந்துவிடும். நரம்பு செல்களை நேரடியாகத் தாக்குவதைவிட, அங்குள்ள காவல் செல்களில் குடியேறி அழற்சியை உண்டாக்குகிறது. நரம்புகள் அதில் நலிகின்றன. இந்தியாவில் பரவலாக உள்ள ‘சி’ வகைக் கிருமியின் ‘டாட்’ புரதத்தில் ஒரு சிறு மாற்றம் இருப்பதை பெங்களூரு விஞ்ஞானி உதய்குமார் ரங்கா குழுவினர் 2004-ல் எடுத்துக்காட்டினர். இங்கே கடுமையான மறதி நோய் குறைவாகக் காணப்படுவதற்கு அது காரணமாகலாம் எனக் கருதப்பட்டது. ஆனாலும் லேசான தடுமாற்றம் தென்னிந்திய நோயாளிகளிடமும் இருப்பதை ஆய்வுகள் காட்டின. ‘நம் ஊர்க் கிருமி சாது’ என்று இருந்துவிட முடியாது.

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர் சுமார் 150 மில்லிதான். மூளையின் உள் நிலவரம் அதில் தெரியும். நியோப்டெரின் கூடியிருந்தால் அழற்சி இருக்கிறது. நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் கூடியிருந்தால் நரம்பிழைகள் சிதைகின்றன. அல்சைமர் நோயில் அமிலாய்டு குறைந்து டாவ் புரதம் கூடும், எச்.ஐ.வி. பாதிப்பில் டாவ் பொதுவாக அப்படிக் கூடுவதில்லை. சிலருக்கு இரத்தத்தில் கிருமி தென்படாத நிலையிலும் இந்த நீரில் தென்படும். அப்போது மருந்தையே மாற்ற வேண்டியிருக்கலாம்.

எந்த ஒரு குறியீடும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. இப்புரதச் சோதனைகளில் பல இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன. நடைமுறையில் மருத்துவர்கள் முதலில் இந்நீரில் தேடுவது காசநோய் மூளைக்காய்ச்சலையும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையையும்தான். இரண்டும் தாமதித்தால் உயிரைப் பறிப்பவை, நேரத்தோடு கண்டால் மருந்துள்ளவை. தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகத் தோன்றலாம்.

‘முதுகில் தண்ணீர் எடுத்தால் கால் முடங்கிவிடும்’ என்ற பயம் நம் வீடுகளில் பலமாக இருக்கிறது. தண்டுவடம் மேல் இடுப்போடு முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே, நீரில் மிதக்கும் நரம்பிழைகள் மட்டுமே உள்ள இடத்தில் போடப்படுகிறது. எடுப்பது சில மில்லிதான். சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி இருக்கும். மூளையில் அழுத்தம் கூடியிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் முன்னதாக ஸ்கேன் எடுப்பார்கள்.

மறதி மருந்தால் வந்தது என்று நினைத்து மாத்திரையைத் தாமாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. ரமளானில் எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளலாம். மஹல்லாவில் தெரிந்துவிடுமோ என்று தயங்குவோருக்கு: 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது.