ரைபிள் குண்டின் வடிவமும் அமைப்பும்

"தோட்டா பாய்ந்தது" என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. உண்மையில் தோட்டா என்பது பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருள். குழலை விட்டுப் பறப்பது குண்டு மட்டுமே. இலங்கைத் தமிழில் இதைச் சன்னம் என்பர். இந்தச் சிறு உலோகத் துண்டின் வடிவமும் உள்ளமைப்பும் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு, நம் நாட்டில் நெடுங்காலம் புழங்கிய .303 ரைபிளே நல்ல எடுத்துக்காட்டு.

முதலில் குண்டுகள் வெறும் ஈயத்தால் ஆனவை. ஈயம் கனமானது, மென்மையானது. குழலின் உட்சுவரில் வெட்டப்பட்ட திருகுபுரி அதை எளிதில் பற்றிச் சுழற்றும். புகையில்லா வெடிமருந்து வந்து வேகம் கூடியதும் ஈயம் தாங்கவில்லை. உரிந்து குழலிலேயே படிந்தது. எனவே ஈயத்தின் மேல் செம்பும் நிக்கலும் கலந்த உறை போர்த்தினர்.

உறையால் ரைபிளின் சிக்கல் தீர்ந்தது, போர்க்களத்தில் வேறொன்று எழுந்தது. 1895ஆம் ஆண்டு சித்ரால் போரில், உறையிட்ட குண்டு உடலைத் துளைத்து மறுபுறம் போய்விடுகிறது, எதிரி நிற்காமல் ஓடி வருகிறான் என்று பிரிட்டிஷ் இந்தியப் படையினர் குறை கூறினர். கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் நுனியில் மட்டும் உறையை நீக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார். உடலில் பட்டதும் அந்த நுனி மலர்ந்து காயத்தைப் பெரிதாக்கியது. ஊரின் பெயரே குண்டின் பெயராயிற்று. உடலுக்குள் எளிதில் விரியும் இத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதை 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் தடை செய்தது. பிரிட்டன் 1907இல்தான் அதை ஏற்றது.

அடுத்த மாற்றம் உறையில் அல்ல, வடிவத்தில். அதுவரை .303 குண்டு உருண்டை மூக்குடன், சுமார் 13.9 கிராம் எடையில், நொடிக்கு ஏறத்தாழ 628 மீட்டர் வேகத்தில் பறந்தது. 1910இல் வந்த மார்க் 7 கூர்மூக்குக் குண்டின் எடை 11.3 கிராம், வேகம் 744 மீட்டர். ஒலியை மிஞ்சிய வேகத்தில் குண்டின் முன்னே அதிர்ச்சி அலை உருவாகும். மூக்கு மழுங்கியிருந்தால் அலை வலுத்து வேகத்தைத் தின்றுவிடும். கூர்மையாக இருந்தால் இழப்பு குறையும். பாதை தட்டையாகும், காற்றில் ஒதுங்குவதும் குறையும்.

இதற்கு ஒரு விலை உண்டு. கூரிய குண்டின் ஈர்ப்பு மையம் பின்பக்கம் இருக்கும், காற்றின் அழுத்தமோ முன்பக்கம் தாக்கும். சும்மா விட்டால் குண்டு குப்புற விழும். பம்பரம் போலச் சுழல்வதால்தான் நேராகப் போகிறது. .303 குழலில் புரி 254 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. வேகத்தை இதனால் வகுத்துப் பாருங்கள், நொடிக்குச் சுமார் 2,900 சுற்று வரும்! காற்றில் இது போதும். அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அடர்த்தியான உடலுக்குள் போதாது, குண்டு புரளும். மார்க் 7இல் நீளத்தைக் குறைக்காமல் எடையைக் குறைக்க நுனிப்பகுதியில் அலுமினியம் வைத்திருந்ததால் பின்கனம் இன்னும் கூடி, அது எளிதில் புரண்டது. முன்பக்கம் உறை முழுமையாக மூடியிருந்தது, பிரகடனத்தின் சொற்கள் மீறப்படவில்லை. காயம் மட்டும் சிறிதாகவில்லை.

எல்லோரும் மூக்கையே பார்ப்பார்கள். துல்லியத்துக்கு அடிப்பாகமே முக்கியம் என்பேன். குழல் வாயைக் கடக்கும் கணத்தில் வாயு கடைசியாகத் தள்ளுவது அடியைத்தான். அது சற்றே கோணலாக இருந்தாலும் குண்டு சாய்ந்து கிளம்பும். நெடுந்தூரக் குண்டுகளில் அடி சற்றுக் குறுகியிருக்கும். எங்கள் பொதட்டூர்பேட்டைத் தறிகளில் ஓடும் நாடா இரு முனையும் குறுகியிருப்பதை நினைத்துக்கொள்ளலாம். பின்னால் உண்டாகும் வெற்றிடம் சிறுத்து, பின்னிழுப்பு குறைகிறது.

விளையாட்டில் கணக்கே வேறு. என்.சி.சி. மாணவர்கள் சுடும் .22 ரைபிளின் குண்டு இன்றும் உறையில்லாத, உருண்டை மூக்கு ஈயம்தான். போட்டிக்கான .22 தோட்டாவின் வேகத்தை வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே வைக்கிறார்கள். ஒலியைத் தாண்டிவிட்டு மீண்டும் கீழே இறங்கும் குண்டு அந்தக் கட்டத்தில் தள்ளாடும். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிளில் குண்டின் முகம் முழுத் தட்டை! காகித இலக்கில் வட்டமான, பிசிறில்லாத துளை விழ வேண்டும் என்பதே காரணம். இடுப்பு ஒடுங்கி, அடி பாவாடைபோல் குழிவாக இருக்கும். காற்றழுத்தத்தில் அந்தப் பாவாடை விரிந்து புரியைப் பற்றும். பறக்கும்போது பூப்பந்தின் இறகுபோல் பின்னிழுத்து மூக்கை முன்னே வைத்திருக்கும்.

அங்கே பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர்தான். ஒரே வகைக் குண்டாயினும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி சிறு வேறுபாடு இருக்கும். ஆகவே முன்னணி வீரர்கள் ரைபிளை அசையாமல் பொருத்திப் பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, தம் குழலுக்கு ஒத்துவருவதையே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.